மண்ணெண்ணெய் வரிசையில் நிற்காத நாய்

ஒரு மனு எத்தனை விதமாகச் சாகும் என்பது எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் பிரதேச செயலகத்தில் வேலை பார்த்து, கடைசியில் நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவன் நான். தவறான கந்தோருக்குப் போய்ச் சாகும் மனு உண்டு. சரியான கந்தோருக்கே வந்து, தவறான மேசையில் உட்கார்ந்து சாகும் மனு உண்டு. இணைப்பு மூன்றைக் காணவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அதைத் தேடி எடுத்து வருவதற்குள் இணைப்பு இரண்டு காலாவதியாகி, அந்த ஏக்கத்திலேயே உயிரை விடும் மனுவும் உண்டு. இவற்றில் பலவற்றின் கடைசி நேரத்தில் நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். ஆனால் அன்பு மிகுந்துபோய் ஒரு மனு சாகக் கிடந்ததை ஓய்வுபெற்ற பிறகுதான் பார்த்தேன். அது நானே எழுதிய மனு.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு சந்தி. அங்கேதான் என் வீடு. சந்தியிலிருந்து சிங்களக் கிராமம் தொடங்குகிறது. கிராமத்தின் கடைசி வீட்டுக்கு அப்பால் ஒரு மதகு. மதகைத் தாண்டினால் தேயிலைத் தோட்டம், அதன் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகள். மேல் லயம், கீழ் லயம், இரண்டிலும் சேர்த்து நாற்பத்திரண்டு குடும்பங்கள். நான் பிறந்தது மேல் லயத்தில், இடமிருந்து மூன்றாவது காம்பராவில், அதாவது ஒற்றை அறை வீட்டில். படித்து, உத்தியோகம் பார்த்து, மதகைத் தாண்டிச் சந்திவரை வந்து சேர எனக்கு ஓர் ஆயுள் ஆயிற்று. நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

தபாற்காரர் கிராமத்தின் கடைசி வீடுவரை வருவார். மதகில் சைக்கிளைத் திருப்பிவிடுவார். அது அவர் குற்றமல்ல. அவருடைய விநியோக எல்லை அங்கே முடிகிறது. லயத்துக்கு வரும் கடிதங்கள் வேறொரு வழியாக, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டக் கந்தோருக்குச் சாக்கில் போகும். அங்கே யாராவது, என்றாவது, மனது வைத்தால் காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது. ஆகவே அரசாங்கத்தின் கண்ணில் நாற்பத்திரண்டு குடும்பங்களும் ஒரே சாக்கு.

மேல் லயத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மகள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம், பரீட்சை முடிந்து பதினொரு நாள் கழித்துக் கிடைத்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டிலில், ஆடும் மேசைக்காலுக்குக் கீழே மடித்து வைக்கப்பட்டிருந்ததாம். உறையின் மேல் தேநீர்க் கோப்பையின் வளையங்கள் இரண்டு. அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இத கொஞ்சம் வாசிங்க கிளாக்கரய்யா."

"பிள்ளை வாசிக்கலையா?"

"வாசிச்சிருச்சு. நீங்களும் ஒருதரம் வாசிங்க."

உத்தியோகத்தர் வாசித்தால் ஒருவேளை வேறு திகதி வரும் என்று நம்பியிருக்கிறார். வாசித்தேன். அதே திகதிதான். அடுத்த முறை விண்ணப்பிக்கலாம், ஆனால் அதுவே கடைசி முறை, அதற்குப் பிறகு வயதெல்லை தாண்டிவிடும் என்றேன். அவர் கடிதத்தை வாங்கி, நெஞ்சுப் பக்கம் சேலைக்குள் செருகிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அன்று மாலையே மனு எழுத உட்கார்ந்தேன். பதினான்கு பந்திகள், ஐந்து இணைப்புகள், மூன்று பிரதிகள். கோரிக்கை எளிது: ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம் வேண்டும், தபாற்காரர் மதகைத் தாண்ட வேண்டும். நான்காம் பந்திதான் மனுவின் முதுகெலும்பு. "அண்டையிலுள்ள கிராமத்தின் கடைசி வீடு வரை நாள்தோறும் தபால் விநியோகிக்கப்பட, அதிலிருந்து இருநூறு அடி தூரத்திலுள்ள எமக்கு அது மறுக்கப்படுகிறது" என்று தொடங்கும் பந்தி. மனுவுக்கு மையை விடக் கோபம் முக்கியம். எங்கள் லயத்தில் கிராமத்தின் மீதான கோபம் பரம்பரைச் சொத்துபோல் இருந்துவந்தது. அதை எடுத்துச் செலவு செய்தால் ஒரே நாளில் நாற்பத்திரண்டு கையெழுத்து வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தச் சொத்து எவ்வளவு கரைந்துபோயிருந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதைக் கரைத்தது மண்ணெண்ணெய்.

என் சேவைக் காலத்தில் இன நல்லுறவுப் பட்டறைகள் பல நடத்தியிருக்கிறேன். மண்டபத்தில் தோட்டத்து ஆட்கள் இடப்பக்கம், கிராமத்து ஆட்கள் வலப்பக்கம். நடுவில் பிரமுகர்கள் நடந்துபோக வழி. விளக்கேற்றுவோம். ஒருவர் ஒற்றுமை பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார். பிறகு சாப்பாட்டுப் பார்சல். அதையும் இடப்பக்கத்தார் இடப்பக்கம், வலப்பக்கத்தார் வலப்பக்கம் இருந்து சாப்பிட்டு, வரவுப் பதிவில் கையெழுத்து வைத்துவிட்டு, வந்த வழியே போவார்கள். "நோக்கம் முழுமையாக நிறைவேறியது" என்று நான் அறிக்கை அனுப்புவேன். அந்த நேரம் தபால் ஒழுங்காகவே வேலை செய்யும்.

பிறகு நாட்டில் எதுவும் இல்லாத காலம் வந்தது. ஹாலிஎலவில் பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் மண்ணெண்ணெய் வரிசை. இரண்டு நாள், மூன்று நாள் நிற்க வேண்டும். ஆள் நிற்க முடியாத நேரத்தில் கேன் நிற்கும். கேனை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, பக்கத்துக் கேனோடு சேர்த்துக் கயிறு கட்ட வேண்டும். பக்கத்துக் கேன் யாருடையது என்று வரிசை பார்ப்பதில்லை. இப்படியாகத் தோட்டத்துக் கேனும் கிராமத்துக் கேனும் ஒரே கயிற்றில் மாலைபோல் கோக்கப்பட்டன. கயிற்றுக்கு இரண்டு பக்கமும் காவல் இருந்தவர்கள் முதல் நாள் முறைத்தார்கள். இரண்டாம் நாள் கேன் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மூன்றாம் நாள் ரொட்டியும் கட்டச்சம்பலும் வலப்பக்கம் போய், அவித்த பலாக்காய் இடப்பக்கம் வந்தது.

கிராமத்தாருக்கு அரசாங்கம் எல்லாவற்றையும் சும்மா கொடுக்கிறது என்று நாங்கள் நம்பியிருந்தோம். தோட்டத்தாருக்குத் துரை எல்லாவற்றையும் சும்மா கொடுக்கிறார் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். இருவருக்கும் யாரும் எதையும் கொடுக்கவில்லை என்பது மூன்றாம் நாள் மாலை தெரிந்தபோது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரித்ததை நான் பார்த்தேன். என் பட்டறை ஒன்றிலும் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டதில்லை.

எனக்கே ஒரு கணக்குத் தீர்ந்தது. மதகுக்கு இந்தப் பக்கம் கடைசி வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கிராமத்து மரணாதாரச் சங்கத்துக்கும் தலைவர். சிங்களவர். தோட்டத்து ரூட்டிலேயே வண்டி ஓட்டியதால் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும், பிறகு கந்தோருக்குப் போன காலத்திலும், எங்கள் லயத்து ஏற்றத்தில் கை காட்டினால் இந்த மனிதர் பஸ்ஸை நிறுத்த மாட்டார். நிறுத்தாததோடு ஹார்ன் வேறு அடித்துவிட்டுப் போவார். வரிசையில் அவருடைய கேனும் என்னுடையதும் ஒரே கயிற்றில் இருந்ததால் துணிந்து கேட்டேன். நான் பேசும் சிங்களம் சுற்றறிக்கைச் சிங்களம். "மேற்குறித்த இடத்தில் தாங்கள் வண்டியை நிறுத்தாமைக்கான காரணம் யாது" என்பதுபோல் கேட்டிருப்பேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தமிழில் பதில் சொன்னார்.

"ஐயோ மாத்தியா, அந்த பஸ்ஸுக்கு கிளட்ச் இல்ல தானே! ஏத்தத்துல நிப்பாட்டினா மறுபடி எடுக்காது. நிப்பாட்டியிருந்தா நீங்கதான் எறங்கித் தள்ளணும். ஹார்ன் அடிச்சது மன்னிப்புக் கேக்க."

பதினைந்து வருடம் நான் இனப்பாகுபாடு என்று நினைத்தது கிளட்ச். அதை இழந்தது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. நன்றாகப் பழகிய கோபம் அது.

இந்த வரிசைக்குப் பிறகு லயத்தார் எல்லோருக்கும் அவர் மாமா ஆகிவிட்டார். சிங்களத்திலும் மாமா மாமாதான் என்பதால் இரு தரப்புக்கும் சிரமமில்லை. திருவிழாவுக்கு அவர் சங்கத்துக் கதிரைகள் மதகு தாண்டி வந்தன. கிராமத்து இழவு வீட்டுக்கு எங்கள் ஆட்கள் தகரப் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் நல்லதுதான். கெட்டது எங்கே தொடங்கியது என்றால், அந்தப் பெண்ணின் கடிதக் கதையை யாரோ மாமாவிடம் சொன்ன இடத்தில். அவர் கண்கலங்கி, "அனே! இதுக்கு ஏன் கஷ்டப்படணும்? நம்ம வீட்டு அட்ரஸ் போடுங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

நான் பதினான்கு பந்திகளையும் தட்டச்சுச் செய்து, கையெழுத்துக்குக் கட்டம் போட்டு, மேல் லயத்தில் ஏறியபோது ஒரு கிழமை பிந்திவிட்டது. நாற்பத்திரண்டு குடும்பங்களும் ஒரே வீட்டு முகவரிக்கு மாறியிருந்தன. மாமா தன் விறாந்தையில் பெரிய பிஸ்கற் டின் இரண்டை வைத்துக் கடிதங்களைப் பிரித்தார். எங்கோ பத்திரமாக வைத்திருந்த பழைய ரப்பர் ஹார்னை மதகில் நின்று அடிப்பார். மூன்று தரம் அடித்தால் மேல் லயம், இரண்டு தரம் கீழ் லயம். ஆள் ஓடி வந்து வாங்கிக்கொள்ளும்.

முதல் காம்பராவில் தேநீர் கொடுத்தார்கள். கையெழுத்துக் கொடுக்கவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. ஐந்தாவது காம்பராவில் எனக்கு வயிறு நிறைந்து, மனு வெறுமையாக இருந்தது.

"கொஞ்சம் ஆறப்போடுவோமே ஐயா. இப்பதான் எல்லாம் நல்லாப் போகுது."

"மாமா சங்கடப்படுவாரு."

"நம்மளா ஒண்ணு கேக்கப்போயி, அவங்க ஒண்ணு நெனைக்கப்போயி... எதுக்குங்க?"

கடைசியாக அந்த அம்மாவின் காம்பராவுக்குப் போனேன். இவரால் மறுக்க முடியாது என்று நினைத்தேன். மகள் இரண்டாம் முறை விண்ணப்பித்திருந்தாள். முகவரி மாமா வீடு.

"அவரு வீட்டு அட்ரஸ்ல எம் மகளோட வாழ்க்கையே இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டுட்டு நான் அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"இது அவருக்கு எதிரான மனு இல்லையே அம்மா. தபால் திணைக்களத்துக்கு."

மகள் காகிதத்தை வாங்கி வாசித்தாள். "நாலாம் பந்தியில அவங்க கிராமத்தச் சொல்லியிருக்கீங்களே ஐயா. கடைசி வீடுன்னா அது மாமா வீடு."

"உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன்?"

"உண்மைதான். அதனாலதான் கஷ்டமா இருக்கு."

நான்காம் பந்தியை எடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எடுத்துவிட்டால் மீதி இருப்பது வாழ்த்துக் கடிதம். நான் மறுத்தேன். முன்பு கிராமத்தாரைப் பிடிக்காமல் இருந்த காலத்தில் என் மக்கள் எதற்கும் கையெழுத்து வைப்பார்கள். சில நேரம் வாசிக்காமலேயே. இப்போது பிடித்துப்போனதால் தங்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதைக் கேட்பதே மரியாதைக் குறைவாகத் தோன்றியது. வரிசையில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம், பழைய மனக்குறை எல்லாம் கிளட்ச் என்பது. ஆனால் தபால் சாக்கு கிளட்ச் அல்லவே. பஸ் நிற்காததற்கு ஓர் இயந்திரம் காரணம். இலக்கம் இல்லாததற்கு ஒரு முடிவு காரணம். இதை விளக்கி லயத்து முற்றத்தில் ஒரு சிற்றுரை ஆற்றினேன். கேட்டது இரண்டு கோழிகள்.

மொத்தம் ஆறு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது, ஒன்று என் மனைவியுடையது. அவள் பேனாவை வாங்கும்போதே சொன்னாள்: "ஒரு காலத்துல ஒத்துமைக்குக் கூட்டம் போட்டீங்க. இப்ப ஒத்துமையா இருந்தா ஒங்களுக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கு வயித்தெரிச்சல் இல்லை. அந்த முகவரி நடைமுறைக்கு முரணானது. ஒரு நாள் மாட்டிக்கொள்ளும்."

"மாட்டட்டும்னு காத்திருக்கிறீங்க."

நடைமுறை தெரிந்தவனுக்கு இது ஒரு சாபம்: எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே தெரியும்; உடையும்போது கொஞ்சம் சந்தோஷமும் வரும்.

உடைந்தது. மாமாவின் மகளுக்கு மொனராகலைப் பக்கத்தில் முதல் பிரசவம். மாமாவும் மாமியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து நாளைக்குப் போய்விட்டார்கள். நாயை அவிழ்த்துவிட்டு, சோறு வைக்கப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். கடிதங்களைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. தபாற்காரர் வழக்கம்போல் கேற்றுக்கு மேலால் விறாந்தைக்கு எறிந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு குடும்பங்களின் கடிதங்கள் விறாந்தையில் குவிந்தன. குவியலின் மேல் நாய் படுத்துக்கொண்டது.

அந்த நாய்க்குப் பெயர் உண்டு. அதன் கௌரவம் கருதி இங்கே எழுதவில்லை. கிராமத்தார் யார் வந்தாலும் வாலாட்டும். மதகுக்கு அந்தப் பக்கத்து ஆள் என்றால் பல்லைக் காட்டும். நாங்கள் எல்லோரும் மாமா, மருமகன் என்று ஆகிவிட்ட பிறகும் அது தன் பழைய கொள்கையிலேயே இருந்தது. பாவம், அது மட்டும் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பண்டாரவளையில் இருக்கும் தோழிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்துவிட்டதாக அந்தப் பெண்ணுக்குச் செய்தி வந்தது. பரீட்சை வியாழக்கிழமை காலை, பதுளையில். கடிதம் கொண்டுவராதவர்களை உள்ளே விடமாட்டார்கள். பெண் மதகைத் தாண்டி ஓடிவந்து கேற்றில் நின்று பார்த்தாள். கபில நிற அரசாங்க உறை ஒன்று விறாந்தையில் தெரிந்தது. நாயின் முன்னங்காலுக்குக் கீழே.

நான் போய்ச் சேர்ந்தபோது அரை லயம் அங்கே நின்றது. கிராமத்திலிருந்தும் ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாததால் நாய் அன்று அவர்களையும் அண்ட விடவில்லை. மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தால் கிடைக்கவில்லை.

"உள்ளே போவது அத்துமீறல்" என்றேன். "ஆனால் விலாசதாரருக்குரிய கடிதம் பிறரின் வளவில் கிடக்கும்போது..."

"ஐயா," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல், "நாய்க்கு ஒரு மனு எழுதிக் குடுங்களேன். மூணு பிரதி."

கருவாடு எறிந்து பார்த்தார்கள். நாய் கருவாட்டைத் தின்றுவிட்டு வந்து அதே இடத்தில் படுத்தது. ஒருவர் நீளமான தடியில் கம்பிக் கொக்கி கட்டி உறையை இழுக்கப் பார்த்தார். இதுவரை கடிதங்களில் அக்கறை இல்லாமல் இருந்த நாய்க்கு, இது ஏதோ முக்கியமான காகிதம் என்று அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். உறையை வாயில் கவ்விக்கொண்டது. அந்த அம்மா, பெண்ணின் தாய், "ஐயோ எம் மக கடுதாசி" என்று கேற்றில் ஏறிவிட்டார். நாற்பது வருடம் மலையில் ஏறி இறங்கிய கால். அரை விரல் நீளத்துக்குப் பல்லிருக்கும் நாய். இரண்டு பக்கமும் சேர்ந்து அவரைப் பிடித்து இறக்கினோம்.

கிராமத்து ஆள் ஒருவர் வயலுக்கு ஓடி, சோறு வைக்கும் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிவந்தார். முழங்கால்வரை சேறு. அவர் கூட்டத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன்னிடமிருந்த சாவியால் கேற்றைத் திறந்து உள்ளே போய், சிங்களத்தில் ஒரே ஒரு சொல் சொல்லி அதட்டினார். நாய் உறையைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல் எங்களைப் பார்த்தது.

உறையைப் பிரித்தோம். திகதி பல்லுக்குத் தப்பியிருந்தது. நேரமும் தப்பியிருந்தது. விண்ணப்ப இலக்கம் இருந்த இடத்தில் நான்கு பல் ஓட்டைகள். கீழே தடித்த எழுத்தில், சிதைந்த ஆவணங்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா என்று இருந்தது.

அன்று என் முப்பத்து நான்கு வருடமும் கைகொடுத்தது. "நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாயினால் சேதமுற்றமை தொடர்பாக" என்று தலைப்பிட்டு இரு மொழியிலும் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். இதைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். பெண் வசிப்பது தோட்டப் பிரிவில். நாய் வசிப்பது கிராமப் பிரிவில். சம்பவம் நாயின் பிரிவில் நடந்ததால் நாயின் கிராம உத்தியோகத்தரே கையெழுத்திட வேண்டும் என்று நான் வாதாடினேன். அவர் என்னிடம் பழைய காலத்தில் வேலை படித்தவர். தலைவிதியே என்று முத்திரை வைத்தார்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். பக்கத்து வீட்டு அம்மா எப்படியோ செய்தி அனுப்பியிருக்கிறார். கையில் ஒரு பை சோளம். தன் வீட்டுக்குள் போகாமல், ஹார்னும் இல்லாமல், மதகைத் தாண்டி நேராக மேல் லயத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அந்த அம்மாவின் வாசலில் சோளப் பையைக் கீழே வைத்தார்.

"பேரப்புள்ள சுகமா மாமா?" என்றார் அந்த அம்மா.

"சுகம். பொம்பளப் புள்ள." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் நல்லது செய்றேன்னு நெனச்சேன் மகள். இந்தப் புள்ளட கடுதாசிய நாய்க்குக் குடுத்துட்டேன் தானே."

"அப்படிச் சொல்லாதீங்க. ஒங்களால என்ன?"

"என்னால இல்லாட்டி யாரால? உங்க கடுதாசி ஏன் எங்க வீட்டுக்கு வரணும்?"

அவர் கேட்டது வருத்தத்தில். ஆனால் பதினான்கு பந்திகளில் நான் சொல்ல முயன்ற கேள்வி அதுதான்.

வியாழக்கிழமை பெண்ணோடு மாமாவும் பதுளைக்குப் போனார், சாட்சியாக. நடந்ததைப் பெண் வந்து சொன்னாள். மூன்று பேர் கொண்ட சபை. நடுவில் இருந்த அம்மையார் என் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு, "நாயின் உரிமையாளர் வெளியே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறதே?" என்று கேட்டார். கதவைத் திறந்தால் மாமா எழுந்து நின்று, பஸ் சாரதிகள் பரிசோதகரைக் கண்டால் நிற்பதுபோல் நின்று, "என்னுடைய நாய்தான், மெடம்" என்றார். சபை சிரித்தது. சிரித்துவிட்டு அந்த அம்மையார் கேட்ட முதல் கேள்வி, நாய் கடித்தால் என்ன முதலுதவி என்பது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கட்டுப் போட்டு மூடக்கூடாது, உடனே வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட வேண்டும் என்று பெண் கடகடவென்று சொன்னாள். அந்த இரண்டு நாளும் அவள் நாயைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

மறுநாள் மாமா என் வீட்டுக்கு வந்தார். "அந்த மனு பேப்பர் எங்க மாத்தியா? புள்ள பஸ்ஸுல சொல்லிச்சு."

எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, சொல்லச் சொன்னார். நான்காம் பந்தி வந்ததும் நான் தயங்கினேன். "இதை வேண்டுமானால் எடுத்துவிடலாம்" என்றேன். ஆறு கையெழுத்தோடு நின்றாலும் பரவாயில்லை என்று மாதக்கணக்காகக் காப்பாற்றிய பந்தியை அந்த நிமிடம் அடித்துவிடத் தயாராக இருந்தேன். எனக்கும் அவரைப் பிடித்துப்போயிருந்தது. நோய் என்னையும் விடவில்லை.

"ஏன் எடுக்கணும்? பொய்யா?"

"பொய் இல்லை."

"அப்ப இருக்கட்டும். கடைசி வீட்டுக்காரனே கையெழுத்து வெச்சிருக்கான்னு அவங்க பாக்கட்டும்."

இருந்த ஆறுக்கும் மேலே, முதல் கையெழுத்தாக, அவர் தன்னுடையதை வைத்தார். இன்னொரு பந்தி சேர்க்கவும் சொன்னார். பதினைந்தாம் பந்தி, அவர் சொன்னபடியே: "நான் தபால் கந்தோர் அல்ல." மரணாதாரச் சங்கத்து அங்கத்தவர் எல்லோரும் அடுத்த கூட்டத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கள் ஆட்கள் தயங்கினார்கள், இவ்வளவு தூரம் அவரைச் சிரமப்படுத்தலாமா என்று. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மதகில் நின்று ஐந்து தரம் ஹார்ன் அடித்தார். அப்படி ஒரு சைகை இல்லாததால் இரண்டு லயமும் ஓடிவந்தன.

"இன்னையில இருந்து கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் கடுதாசி," என்றார். "போடாதவன் வந்து நாய்கிட்ட கேளு!"

அரை மணி நேரத்தில் நாற்பத்திரண்டும் முடிந்தது. எனக்குத் தெரிந்து, தோட்டத்து ஆட்கள் தங்கள் உரிமையைக் கேட்கவில்லை என்பதற்காகக் கிராமத்து ஆள் ஒருவர் வேலைநிறுத்தம் செய்தது இதுவாகத்தான் இருக்கும். நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. நான் ஓய்வுபெற்ற காலத்திலிருந்து எழுதிய கடிதங்களுக்குப் பதில் வர மாதக்கணக்கு ஆகும். முதல் கையெழுத்து மதகுக்கு இந்தப் பக்கத்து ஆளுடையது என்பதால் இதற்கு மூன்று கிழமையில் வந்தது. இதைக் கிளட்ச் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

மேல் லயத்துக்கு இலக்கமும் தபாலும் அனுமதிக்கப்பட்டன. கீழ் லயம் பற்றி "ஆராயப்பட்டு வருகிறது" என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆகவே மதகில் இன்னும் இரண்டு தரம் ஹார்ன் கேட்கிறது. இரண்டாவது மனு என் மேசையில் இருக்கிறது, மாமாவின் முதல் கையெழுத்தோடு.

இலக்கம் எழுதிய கதவுகளுக்குத் தபாற்காரர் வரத் தொடங்கிய மாதமே அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். சேலைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தார். கபில நிறம். கோப்பை வளையமும் இல்லை, பல் ஓட்டையும் இல்லை.

"பிள்ளை வாசிக்கலையா?"

"வாசிச்சிருச்சு. நீங்களும் ஒருதரம் வாசிங்க."

வாசித்தேன். பெண் தெரிவாகியிருந்தாள். அடுத்த மாதம் முதலாம் திகதி பயிற்சிக்கு வரவேண்டும். திகதியை இரண்டாம் முறையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு கொண்டுவர வேண்டிய ஆவணங்களின் பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவது: விண்ணப்பத்தில் குறிப்பிட்ட முகவரியில் வசிப்பதற்கான சான்றிதழ்.

விண்ணப்பத்தில் குறிப்பிட்ட முகவரி மாமா வீடு.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னங்கையா? கூடாதா?"

"கூடும். இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. கடிதம் வருவதற்காகத் தன் முகவரியைக் கொடுத்ததாக மாமா வந்து ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும்."

ஆள் அனுப்பினோம். மாமா பதுளைக்குப் போகிற சட்டையையே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"நாயையும் கூட்டிட்டு வரணுமா, மாத்தியா?"